வேர் ஏன் சர்க்கரையை மண்ணில் விடுகிறது?

கேட்கப்பட்டது இரண்டு கேள்விகள். மண்ணே இல்லாமல் சத்துக்கரைசலில் செடி வளர்க்கிறார்கள், அது நன்றாகக் காய்க்கவும் செய்கிறது. அப்படியிருக்க மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செடிக்கு உண்மையிலேயே தேவையா? தேவை என்றால், பாக்கெட்டில் விற்கும் நுண்ணுயிர் உரத்தை வாங்கிப் போட்டால் போதுமா?

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் 17. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்துவிடும். மீதி 14-ஐயும் பெரும்பாலும் வேர்தான் உறிஞ்சியாக வேண்டும். கரைசலில் வளர்க்கும்போது இந்த 14-ஐயும், வேர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்தில், சரியான அளவில், அமிலத்தன்மையை அளந்து பார்த்து, ஒருவர் கலந்து கொடுக்கிறார். மண்ணில் நுண்ணுயிர்கள் செய்கிற வேலையை அங்கே ஓர் ஆளும் அவருக்குப் பின்னால் ஓர் உரத் தொழிற்சாலையும் செய்கிறார்கள். வேலை இல்லாமல் போகவில்லை, கை மாறியிருக்கிறது.

மண்ணில் அந்தச் சத்துகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், உதிர்ந்த இலைக்குள் புரதமாக இருக்கும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், சுண்ணாம்போடும் இரும்போடும் ஒட்டிக்கொண்டு கரையாமல் கிடக்கும். இந்தப் பூட்டுகளைத் திறக்கும் நொதிகளும் அமிலங்களும் வேரிடம் கொஞ்சம் உண்டு. பாக்டீரியாவிடமும் பூஞ்சையிடமும் மிக அதிகமாக உண்டு.

ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும், பல மண்ணில் நூறு கோடியைத் தாண்டும். இந்த எண்ணிக்கையை எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: அவற்றில் பெரும்பாலானவை எந்த நேரத்திலும் உறக்கத்தில்தான் இருக்கின்றன. மண் துகள்களின் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கின்றன. காரணம் பசி. வெறும் மணலும் களியும் அவற்றுக்குச் சாப்பாடு ஆகாது. யாராவது கார்பனைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் விழிக்கும், பெருகும்.

அந்தக் கார்பனைக் கொண்டுவருவது வேர். இலையில் வெயிலால் உண்டான சர்க்கரையில் ஒரு கணிசமான பங்கைச் செடி வேர் வழியாக வெளியே விடுகிறது. சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், கரிம அமிலங்கள், வழவழப்பான பசை, வேர் நுனியிலிருந்து உதிரும் செல்கள் எல்லாம் அதில் அடக்கம். அதனால் வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் நுண்ணுயிர்க் கூட்டம் பல மடங்கு அடர்த்தியாக இருக்கும். இந்த மெல்லிய படலத்துக்கு 1904-இல் லோரன்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் 'ரைசோஸ்பியர்' என்று பெயர் வைத்தார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம்.

பார்வைக்கு இது வீண்செலவு போல இருக்கும். பாடுபட்டுச் சேர்த்த சர்க்கரையை ஏன் வெளியே விட வேண்டும்? ஒரு பகுதி தானாகவே கசிவதுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் மீதியை நான் கூலி என்றே பார்க்கிறேன். அந்தக் கூலிக்கு என்ன வேலை நடக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

முதல் வேலை, அதிகம் பேசப்படாத ஒன்று. பாக்டீரியா இலைச்சருகைச் சிதைத்ததும் தழைச்சத்து நேரே செடிக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி வராது. பாக்டீரியா அதை முதலில் தன் உடலுக்குள் எடுத்துக்கொள்ளும். அதன் உடலில் ஐந்தாறு பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன், அவ்வளவு செறிவு. அப்புறம் அமீபா போன்ற ஒருசெல் உயிர்களும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களும் வந்து அந்தப் பாக்டீரியாக்களை மேய்கின்றன. மேய்பவற்றுக்கு அவ்வளவு நைட்ரஜன் தேவையில்லை, மிச்சத்தை அம்மோனியமாக வெளியே விடுகின்றன. வேருக்குப் பக்கத்திலேயே இது நடப்பதால் செடி அதைப் பிடித்துக்கொள்கிறது. மேய்ச்சல் நின்றுபோனால் தழைச்சத்தில் பெரும்பங்கு பாக்டீரியாவின் உடலிலேயே முடங்கிவிடும். நூற்புழு என்றாலே பயிருக்கு எதிரி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேரைத் துளைப்பவை ஒரு பகுதிதான், பாக்டீரியாவை மேய்பவையும் நிறைய உண்டு.

அடுத்து, காற்றிலிருக்கும் நைட்ரஜன். காற்றில் 78 சதவீதம் அதுதான், ஆனால் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் எந்தச் செடியாலும் அதைத் தொட முடியாது. உரத் தொழிற்சாலையில் அந்தப் பிணைப்பைப் பிரித்து அம்மோனியா ஆக்க 400 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும் வளிமண்டல அழுத்தத்தைப் போல 100 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். பயறுவகைச் செடியின் வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதையே சாதாரண மண் வெப்பத்தில் செய்கிறது. இதை 1886-இல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் காட்டினார்கள். 1888-இல் பெய்ஜெரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தழைச்சத்து போதவில்லை என்றால் வேர் ஃபிளாவனாய்டு வகைப் பொருளை வெளியே விடுகிறது. அதை உணரும் ரைசோபியம் பதிலுக்கு வேறொரு வேதிப்பொருளை அனுப்புகிறது. இரண்டும் பொருந்தினால் வேர்த்தூவி வளைந்து பாக்டீரியாவைச் சுருட்டிக்கொள்ளும், உள்ளே ஒரு குழாய் திறக்கும், முடிச்சு உருவாகும். எல்லாப் பயறுக்கும் ஒரே பாக்டீரியா ஒத்துவராததற்கு இந்த அடையாளப் பொருத்தம்தான் காரணம்.

உள்ளே இன்னொரு சிக்கல் உண்டு. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 16 செலவாகும் வேலை இது, மூச்சு இல்லாமல் நடக்காது. செடி என்ன செய்கிறது என்றால், நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபினைத் தயாரித்து, ஆக்சிஜனைக் கட்டிப்பிடித்து அளந்து அளந்து கொடுக்கிறது. அதனால்தான் வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது அந்தப் பாக்டீரியா அந்தச் செடிக்குப் பயன்படாதது. முதன்முதலாக ஒரு முடிச்சைக் கீறி அந்தச் சிவப்பைப் பார்த்தபோது நான் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. ஒரு செடிக்குள் ரத்தத்தின் நிறம்!

யூரியாவை நிறையப் போட்டால் என்ன ஆகும்? செடி முடிச்சுக்குச் செலவழிப்பதைக் குறைத்துவிடும். தழைச்சத்து இலவசமாகக் கிடைக்கும்போது விலை கொடுத்து வாங்க அதற்குத் தேவையில்லை. உரம் பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது என்று பலர் சொல்வதை விட இந்த விளக்கம்தான் பெரும்பாலும் சரியானது: செடி தானே கணக்கை முடித்துக்கொள்கிறது.

மணிச்சத்துக்கும் இதே கதைதான், ஆள் மட்டும் வேறு. மணிச்சத்து மண்ணில் மிக மிக மெதுவாகவே நகரும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்த வட்டம் காலியாகிவிடும், பக்கத்தில் எவ்வளவு இருந்தாலும் வேண்டிய வேகத்தில் வந்து சேராது. இங்கேதான் வேர்ப்பூஞ்சை வருகிறது. மைக்கோரைசா என்று அதற்குப் பெயர் வைத்தவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், ஆண்டு 1885. பூஞ்சையிழை வேர்த்தூவியையும் விட மெல்லியது. தூவி நுழைய முடியாத துளைகளில் அது நுழையும், காலியான வட்டத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போய் மணிச்சத்தைக் கொண்டுவரும். இவற்றில் மிகப் பரவலான வகை, வேரின் செல்லுக்குள் சின்ன மரம் போலக் கிளைத்து நின்று அதைக் கைமாற்றும். பதிலுக்கு சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். இந்த வகைப் பூஞ்சைகளால் தமக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தாமே உண்டாக்க முடியாது, செடி இல்லையென்றால் பிழைப்பே இல்லை. செடி தயாரிக்கும் மொத்த உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை இந்தக் கணக்கில் போகிறது.

நிலத்தில் வாழும் செடியினங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த வகைப் பூஞ்சையோடு கூட்டு வைத்திருக்கின்றன. கூட்டு மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான பாறைப் படிவங்களில், உண்மையான வேரே தோன்றாத செடிகளின் தண்டுக்குள் இதே மரவடிவப் பூஞ்சை இருக்கிறது. வேர் உருவாகும் முன்பே பூஞ்சை வந்துவிட்டது! ரைசோபியத்தை அடையாளம் கண்டு உள்ளே விடும் செய்திப் பாதையின் பெரும்பகுதியும் இந்தப் பழைய கூட்டுக்காக ஏற்பட்டதுதான். பயறுவகைச் செடிகள் அதே பாதையைப் பிற்காலத்தில் பாக்டீரியாவுக்கும் பயன்படுத்திக்கொண்டன.

நுண்ணுயிர் இல்லாவிட்டால் செடி எவ்வளவு தவிக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று பியூர்ட்டோ ரிக்கோ தீவின் பைன் மரங்கள். அங்கே பைன் இயற்கையாக வளர்வதில்லை. வெளியிலிருந்து விதை கொண்டுவந்து திரும்பத் திரும்ப நட்டார்கள். முளைத்தது, மஞ்சளானது, குட்டையாக நின்று செத்தது. உரம் போட்டும் தேறவில்லை. பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து சேர்த்ததும் அதே கன்றுகள் பச்சை பிடித்து உயர்ந்தன. வெயில், மழை, மண் எல்லாம் ஏற்கெனவே இருந்தன, பைனுக்கு உரிய பூஞ்சை மட்டும் அந்தத் தீவில் இல்லாமல் இருந்தது. ஆர்கிட் இன்னும் ஒரு படி மேலே. அதன் விதை தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவு மிக மிகக் குறைவு. ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் காட்டில் அது முளைக்கும். நோயல் பெர்னார்ட் 1899-இல் கண்டுபிடித்தது இது. இங்கே கூலி தலைகீழ், குழந்தைப் பருவத்தில் பூஞ்சைதான் செடிக்குச் சோறு போடுகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மரங்கள் பூஞ்சையிழை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் தன் குட்டிகளுக்கு உணவு அனுப்புகிறது என்ற பேச்சு மிகப் பிரபலம். 1997-இல் சுசான் சிமார்டும் அவருடன் இருந்தவர்களும் பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையில் கார்பன் போய்வருவதைக் காட்டினார்கள், அது உண்மையான ஆய்வு. ஆனால் அதன் மேல் கட்டப்பட்ட கதைகள் சான்றைத் தாண்டிப் போய்விட்டன. 2023-இல் இதே துறையில் பல்லாண்டு வேலை செய்த மூவர் எல்லா ஆய்வுகளையும் அலசி, காட்டில் இது பரவலாக நடக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். எனக்கும் அவர்கள் சொல்வதுதான் சரி என்று படுகிறது. வேருக்கும் பூஞ்சைக்கும் இடையில் உறுதியாகத் தெரிந்ததே இவ்வளவு வியப்பாக இருக்கும்போது மிகைப்படுத்தத் தேவையில்லை.

நோய் விஷயத்துக்கு வருகிறேன். கோதுமையின் வேரைக் கருக்கும் 'டேக் ஆல்' என்ற பூஞ்சை நோய் உண்டு. ஒரே நிலத்தில் வருடாவருடம் கோதுமையே போட்டால் நோய் கூடிக்கொண்டே போகும். யாராக இருந்தாலும் அந்த நிலத்தைக் கைவிடத்தான் சொல்வார்கள். ஆனால் விடாமல் கோதுமையையே போட்டுக்கொண்டிருந்த நிலங்களில், மோசமான சில வருடங்களுக்குப் பிறகு நோய் தானாகவே அடங்கியது. நோய்ப்பூஞ்சை மண்ணில் இருந்தது, நோய் இல்லை. அந்த மண்ணை ஆவியில் சூடாக்கினால் காப்பு போய்விட்டது. அதில் ஒரு சிறு பங்கை வேறு மண்ணில் கலந்தால் காப்பும் சேர்ந்து போனது. எனவே காப்பு உயிருள்ள ஒன்றில் இருக்கிறது. தேடிப் பார்த்தபோது, நோய்பட்ட வேர்களில் பெருகி, நோய்ப்பூஞ்சையை ஒடுக்கும் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் கிடைத்தன. கரைசலில் வளரும் செடிக்கு இந்தக் காவல் மிகக் குறைவு. அங்கே பித்தியம் போன்ற வேரழுகல் கிருமி ஒன்று நுழைந்தால், தடுக்க ஆளில்லாமல் தொட்டி முழுக்கச் சீக்கிரம் பரவிவிடும். வேறு சில பாக்டீரியாக்கள் வேரில் குடியேறினாலே செடி முழுவதும் உஷாராகி, இலையில் வரும் நோயையும் வேகமாக எதிர்க்கிறது.

முதல் மழையில் எழும் மண்வாசனையும் இந்தக் கூட்டத்தின் வேலைதான், பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின். அதே இனத்திலிருந்துதான் 1943-இல் ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து அது. அந்த மழையில் இன்னொன்றும் நடக்கிறது. காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் உறங்கிய நுண்ணுயிர்கள் ஒரே மூச்சில் விழித்து, கரியமில வாயுவையும் தழைச்சத்தையும் அலையாக வெளியிடுகின்றன. 1958-இல் இதை விளக்கியவரின் பெயரால் 'பர்ச் விளைவு' என்கிறார்கள். மழை பெய்து சில நாளில் செடிகள் திடீரென்று பச்சை கட்டுவதில் தண்ணீருக்கு மட்டுமல்லாமல் இதற்கும் பங்கு உண்டு.

நுண்ணுயிர் எப்போதும் செடிக்கு நல்லதே செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. புது மரத்தூளைக் கொண்டுபோய் மண்ணில் கலந்து பாருங்கள், செடி வெளுத்துப்போகும். மரத்தூளில் நைட்ரஜன் ஒன்று என்றால் கார்பன் நூற்றுக்கணக்கில். அதைத் தின்ன நுண்ணுயிருக்குத் தழைச்சத்து வேண்டும், எனவே மண்ணில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளும். ஏறக்குறைய 25-க்கு 1 என்ற விகிதத்துக்கு மேல் போனால் இந்தப் போட்டி தொடங்கும். மரத்தூளைக் கலக்காமல் மேலே மூடாக்காகப் போட்டால் பாதிப்பு மிகக் குறைவு. நீர் தேங்கிய மண்ணில் காற்று தீர்ந்ததும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை மூச்சுக்குப் பயன்படுத்தி, போட்ட தழைச்சத்தில் ஒரு பங்கை வாயுவாக வானத்துக்கு அனுப்பும். அதில் வரும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும்.

சூழல் அளவில் பார்த்தால் எல்லாம் கார்பனில் வந்து நிற்கிறது. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் சுமார் 1,50,000 கோடி டன் கரிமக் கார்பன் இருக்கிறது, வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மக்காத செடிக்கழிவுதான் அப்படித் தங்குகிறது என்று முன்பு நினைத்தார்கள். இப்போது தெரிவது வேறு: வேளாண் நிலங்களின் மேல்மண்ணில் நிலைத்த கார்பனில் பாதியளவு செத்த நுண்ணுயிர்களின் உடல் மிச்சம் என்று மதிப்பிடுகிறார்கள். வேர் விட்ட சர்க்கரையைத் தின்று, பெருகி, செத்து, களிமண் துகளில் ஒட்டிக்கொண்டவை. மண்ணைப் பொலபொலவென்று கட்டி வைப்பதும் அவற்றின் பசையும் பூஞ்சையிழையும்தான். இதை வீட்டிலேயே பார்க்கலாம். பல காலம் உழாமல் புல் மூடிக்கிடந்த இடத்திலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி, அடிக்கடி உழுது வெறுமையாக விட்ட இடத்திலிருந்து ஒன்று, இரண்டையும் இரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். முதலாவது பெரும்பாலும் அப்படியே நிற்கும். இரண்டாவது சில நிமிடங்களில் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். மழை பெய்யும்போது அந்த நிலத்தில் நடப்பதும் அதுதான்.

சரி, பாக்கெட் விஷயம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒரு பயறுவகையை அது இதுவரை விளையாத நிலத்தில் முதல்முறை விதைக்கிறீர்கள் என்றால், அதற்கு உரிய ரைசோபியத்தை விதையில் பூசுவது பெரும்பாலும் பலன் தரும். சோயாவை அது பிறக்காத கண்டங்களுக்குக் கொண்டுபோனபோது அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது. நோய்ப்பூஞ்சையை ஒடுக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சையும் சூடோமோனாஸும் நாற்றங்காலிலும் விதைநேர்த்தியிலும் பல நேரம் உதவும். திறந்த வயலில் பலன் ஏறி இறங்கும். காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் அசோஸ்பைரில்லமும் மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவும் இன்னும் சீரற்றவை. வேர்ப்பூஞ்சைப் பொடியை முட்டைக்கோசுக்கும் கடுகுக்கும் போடுவது வீண், அந்தக் குடும்பம் அந்தக் கூட்டே வைத்துக்கொள்வதில்லை. ஏற்கெனவே மணிச்சத்து மிகுந்த மண்ணிலும் அப்படியே, செடி பூஞ்சைக்குக் கூலி கொடுக்காது. எந்தப் பாக்கெட்டாக இருந்தாலும் உள்ளே இருப்பது உயிர். வெயிலில் கிடந்ததும், காலாவதியானதும், பூஞ்சைக்கொல்லி பூசிய விதையோடு கலந்ததும் பெரும்பாலும் செத்ததுதான்.

புதிதாக வந்த சில கோடி பாக்டீரியாக்கள், ஏற்கெனவே பசியோடு காத்திருக்கும் பல லட்சம் கோடிகளுக்கு நடுவே போய் இடம்பிடிக்க வேண்டும். சாப்பாடு இல்லாத இடத்தில் சில வாரங்களில் அவை காணாமல் போய்விடும். அதனால் செலவு செய்ய ஒரு வாய்ப்புதான் இருக்கிறது என்றால் நான் அதைக் கார்பனுக்குச் செலவழிப்பேன். இரண்டு பயிருக்கு இடையில் நிலத்தை வெறுமையாக விடாமல் ஏதாவது ஒரு உயிருள்ள வேரை வைத்திருப்பேன், முடிந்தால் பயறு கலந்த பலவகைச் செடிகளாக. சருகை எரிக்காமல் மூடாக்காகப் போடுவேன். நன்றாக மக்கிய தொழு உரம் கொஞ்சமானாலும் வருடந்தோறும் சேர்ப்பேன். பூஞ்சையிழையை அறுக்கும் உழவைத் தேவைப்படும் அளவோடு நிறுத்துவேன். உரமும் போடுவேன், மண்ணைச் சோதித்துப் பார்த்து, குறைகிற அளவுக்கு மட்டும். ரைசோபியம் மட்டும் வாங்குவேன், அதுவும் புதுப் பயறு விதைக்கும் வருடத்தில். விதைத்த ஐந்தாறு வாரத்தில் ஒரு செடியை இழுத்துப் பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சைக் கீறிப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் அடுத்த வருடம் அதுவும் வாங்க வேண்டியதில்லை.